பேட்டரி நிரபராதி

கொல்கத்தாவில் முதல் மழைத் தண்ணீர் தெருவில் நின்று வடிந்த மறுநாள் காலையில், தெருவுக்கு ஒரு வண்டியாவது கிளம்ப மறுக்கும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது. ‘டக்’கென்று ஒரு சத்தம் மட்டும் வரும், டாஷ்போர்டு விளக்குகள் மங்கி மறுபடி எரியும். பக்கத்தில் நிற்கும் டாக்ஸிக்காரர், எதிர்க்கடைப் பான்வாலா, மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் பெரியவர் என எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்: “பேட்டரி போஷே கெச்சே.” பேட்டரி உட்கார்ந்துவிட்டதாம். சென்னையிலும் மதுரையிலும் இதையேதான் தமிழில் சொல்வார்கள். மிஸ்திரி வந்து பானெட்டைத் திறப்பதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிடும். அவர் செய்ய வேண்டியது, புதுப் பேட்டரியை எந்தக் கடையில் வாங்கலாம் என்று சொல்வது மட்டும்தான்.

இந்தத் தீர்ப்பைத்தான் மறுக்கிறேன். பேட்டரி சாகவே சாகாது என்று வாதாட வரவில்லை. இந்த ஊர் வெக்கையில் மூன்று நான்கு வருடங்களில் அதற்கும் வயதாகிவிடுகிறது. என் புகார் வேறு. மின்சாரம் பிளஸ்ஸிலிருந்து கிளம்பிப் போகும் வழியை ஒயர் ஒயராகப் பார்க்கிறோம், ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம், ரிலேயைத் தட்டிப் பார்க்கிறோம். அதே மின்சாரம் மைனஸுக்குத் திரும்பி வர வேண்டிய வழியை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. போன கரண்டு அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும். வரும் வழியில் தடை இருந்தால், போகும் வழி எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. மோட்டார் மெக்கானிக்குகள் ‘பாடி எர்த்’ என்று சொல்வது இந்தத் திரும்பும் வழியைத்தான்.

இதை மறப்பதற்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு சாக்கு உண்டு, கொல்கத்தாக்காரர்களுக்கு அதுகூடக் கிடையாது. 1902 மார்ச் 27 அன்று எஸ்பிளனேடிலிருந்து கிதிர்பூருக்கு மின்சார டிராம் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து, இந்த ஊர்த் தெருவிலேயே பாடம் நடந்துகொண்டிருக்கிறது. டிராமுக்கு மேலே ஒரே ஒரு கம்பி. 550 வோல்ட் டிசி அதில் வருகிறது, மோட்டாரைச் சுற்றுகிறது, சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிப் போகிறது. இரண்டாவது கம்பி என்று ஒன்று இல்லை, தண்டவாளம்தான் இரண்டாவது கம்பி. கார் இதே ஏற்பாட்டின் சின்ன வடிவம். அங்கே தண்டவாளம், இங்கே காரின் இரும்பு உடல். தண்டவாளம் துண்டு துண்டாக இருப்பதால் மூட்டுக்கு மூட்டு செப்புக் கம்பியால் இணைத்தார்கள். அந்த இணைப்பு கெட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கி, பக்கத்தில் புதைந்திருக்கும் தண்ணீர்க் குழாய் வழியாகப் போகும், குழாய் அரித்துப்போகும். அதனால் பிரிட்டனில் 1890களிலேயே விதி போட்டார்கள்: டிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரும்பும் வழியின் இரண்டு இடங்களுக்கு நடுவே 7 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அந்த விதி ‘தண்டவாளம் இணைந்திருக்கிறதா’ என்று கேட்கவில்லை. கரண்டு ஓடும்போது எத்தனை வோல்ட் அங்கே வீணாகிறது என்று கேட்டது. நம் மெக்கானிக் ஷெட்டுகள் அந்தக் கேள்விக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பேட்டரிக் கட்சியின் பலமான வாதம் அனுபவ வாதம். “பேட்டரியை மாத்தினேன், வண்டி எடுத்துடுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. பேட்டரியை மாற்றும்போது வேறு என்னென்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பழைய கிளாம்பைக் கழற்றுகிறார்கள். அதில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். புது முனையில் மாட்டி ஸ்பேனரால் இறுக்குகிறார்கள். எர்த் ஒயர் கையால் அசைபட்டு, பாடியில் பதிந்த இடத்தில் கொஞ்சம் நகர்ந்து புது உலோகத்தைத் தொடுகிறது. எர்த்தை யாரும் வேண்டுமென்று சரிசெய்யவில்லை, ஆனாலும் அது தற்செயலாகச் சரியாகிவிட்டது. பாராட்டும் பணமும் பேட்டரிக்குப் போகின்றன.

எர்த்தில் கோளாறு அப்படியே இருந்தால்கூட முழுசாக சார்ஜ் ஏறிய புதுப் பேட்டரி கொஞ்ச காலம் அதை அமுக்கி வைக்கும். பிறகு ஒரு நாள் அதுவும் உட்காரும். காரணம் இதுதான். டைனமோ என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டர் எஞ்சினில் முடுக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் அதன் ரெகுலேட்டர் தன் சொந்த உடம்பை வைத்துத்தான் வோல்ட்டை அளக்கிறது. ராத்திரி மழையில் ஹெட்லைட், வைப்பர், உள்ளே ஃபேன் என்று 30 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். அது அத்தனையும் பாடி வழியாக வந்து, பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையைக் கடந்துதான் ஆல்டர்னேட்டருக்குத் திரும்ப வேண்டும். பட்டையில் 0.02 ஓம் தடை இருந்தால் 0.6 வோல்ட் அங்கேயே போய்விடுகிறது. ஆல்டர்னேட்டர் 14.2 கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்க, பேட்டரிக்குக் கிடைப்பது 13.6. பட்டினி போட்டு வளர்த்த பேட்டரி ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து சீக்கிரம் சாகிறது. உடனே, “இந்தக் கம்பெனிப் பேட்டரி சரியில்லை, அடுத்த தடவை வேற பிராண்டு போடுங்க.” இங்கே பேட்டரி உண்மையிலேயே செத்திருக்கிறது, ஆனால் கொலை செய்தது யார் என்ற கேள்விதான் எழவில்லை. இந்தியாவின் பெரிய பேட்டரி நிறுவனமான எக்ஸைடின் தலைமையகம் சௌரங்கியில் இருக்கிறது. ஷாம்நகரில் 1940களிலிருந்து பேட்டரித் தொழிற்சாலை ஓடுகிறது. பேட்டரியைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஊரில் பேட்டரிக்கு நியாயம் கிடைக்காதது வேடிக்கைதான்.

லேக் மார்க்கெட் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு மாமா இருக்கிறார், காரைப் பிள்ளை மாதிரி வளர்ப்பவர். இரண்டு பேட்டரி மாற்றியும் வண்டி அடம்பிடித்தபோது, “எர்த் பாத்தாச்சா மாமா?” என்று கேட்டேன். “பாத்தாச்சுடா. மிஸ்திரி மீட்டர் வெச்சார், பீப்புனு கத்தித்து. எர்த் பக்காவா இருக்குன்னுட்டார்” என்றார்.

அந்தப் பீப் சத்தத்தைப் போல ஏமாற்றுகிற சாட்சி வேறு இல்லை. மல்டிமீட்டரின் பீப் சோதனை ஒரு மில்லியாம்பியர் அளவில் ஒரு துளி கரண்டை அனுப்பிப் பார்க்கிறது. முப்பது ஓம் தடை இருந்தாலும் பல மீட்டர்கள் சந்தோஷமாகக் கத்தும். செல்ஃப் மோட்டாருக்கு நூற்றில் ஒரு பங்கு ஓம் கூட அதிகம். கணக்குப் போடுங்கள். சின்ன பெட்ரோல் கார் செல்ஃப் எடுக்கையில் 150 ஆம்பியர் இழுக்கும். எர்த் மூட்டில் 0.01 ஓம் இருந்தால் 1.5 வோல்ட் அங்கே விழுகிறது. பழைய டாக்ஸியின் டீசல் எஞ்சினைச் சுற்ற 300 ஆம்பியர் வேண்டும் என்றால் 3 வோல்ட். பேட்டரியோ அந்த நேரத்தில் பத்துப் பத்தரை வோல்ட்டில் தள்ளாடிக்கொண்டிருக்கும். அதில் மூன்று போனால் மோட்டாருக்கு என்ன மிஞ்சும்? ஒரு ‘டக்’ சத்தம்தான். அந்த 0.01 ஓமை மீட்டரின் ஓம் அளவையில் பார்க்கலாம் என்றால் அதுவும் நடக்காது. மீட்டரின் ஒயர்களுக்கே அதைவிடப் பத்து மடங்கு தடை உண்டு. எர்த் பட்டையில் நூறு இழை இருந்து தொண்ணூற்றொன்பது அறுந்துபோயிருந்தாலும், மிச்சமிருக்கும் ஒரு இழை பீப் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கும்.

சரியான சோதனை டிராம் விதி சொன்னதுதான்: கரண்டு ஓடும்போது அளக்க வேண்டும். சாந்தினி மார்க்கெட்டில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் சாதாரண மீட்டரே போதும். முதலில் பேட்டரியையே விசாரித்துவிடுங்கள். வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு இரண்டு முனைக்கும் நடுவே 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12க்கு வந்துவிட்டால் ஏறக்குறைய காலி. காலியாக இருந்தால் சார்ஜ் ஏற்றிக்கொண்டு மேலே போகலாம். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் தலையில், அதாவது கிளாம்பில் அல்லாமல் ஈயக் குமிழிலேயே, அழுத்திப் பிடியுங்கள். சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத வெறும் இரும்பில் வையுங்கள். வண்டி கிளம்பிவிடாதபடி பெட்ரோல் எஞ்சினானால் இக்னிஷனையும் டீசலானால் எண்ணெய் வருவதையும் நிறுத்திவிட்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் 0.2 வோல்ட்டோ அதற்குக் கீழோ காட்டினால் எர்த் மேல் குற்றமில்லை. 0.5 என்றால் சந்தேகக் கேஸ். ஒன்றைத் தாண்டினால் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

அதற்கு மேல் மூட்டு மூட்டாகப் போக வேண்டும். சிவப்பு முனையை எஞ்சினிலிருந்து எடுத்து மைனஸ் கிளாம்பில் வைத்து ஒரு தடவை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஈயக் குமிழுக்கும் அதைக் கட்டிப் பிடித்திருக்கும் கிளாம்புக்கும் நடுவிலேயே அரை வோல்ட் விழுவதுண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும், மீட்டருக்குத் தெரியாது. அடுத்து ஒயர் முனையின் லக், பிறகு லக் உட்கார்ந்திருக்கும் பாடி இரும்பு, கடைசியாக எஞ்சின். எந்த அடியில் எண் சட்டென்று ஏறுகிறதோ அந்த மூட்டுதான் திருடன். பிளஸ் பக்கத்தையும் இதே மாதிரி அளக்கலாம், அளக்கவும் வேண்டும், ஏனென்றால் நான் எர்த்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிட வேலை, ஒரு நட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். பேட்டரிக் கடையில் முனையில் கிளிப் மாட்டி, ‘ரீப்ளேஸ்’ என்று சீட்டு அச்சடித்துக் கொடுக்கும் மின்னணு டெஸ்டர் இதில் எதையும் பார்ப்பதில்லை. அது பேட்டரியை மட்டும் பார்க்கிறது. அதற்கு வேறு உலகமே இல்லை.

மீட்டர் எடுப்பதற்கு முன்பே வண்டி ஜாடை காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். பிரேக் மிதித்தால் பின்னால் இண்டிகேட்டர் மங்கலாகச் சேர்ந்து எரியும். ஹெட்லைட் போட்டதும் பெட்ரோல் முள் அசையும். ஒரு பக்க ஹெட்லைட்டில் ஹை, லோ இரண்டு இழையும் அரைகுறையாக மினுங்கும். தனக்குரிய வழி அடைபட்டால் கரண்டு பக்கத்து விளக்கின் இழைக்குள் தலைகீழாக நுழைந்து வேறு வழியாக வெளியேறப் பார்க்கிறது, அதனால் வரும் கூத்து இது. மிஸ்திரி பல்பை மாற்றுகிறார், ஃபிளாஷரை மாற்றுகிறார், சில சமயம் ஸ்விட்சையே மாற்றுகிறார். வெளிச்சம் குறைந்தால், “பழைய வண்டி, லைட் இவ்வளவுதான்.” ஹாலஜன் விளக்கில் வோல்ட் பத்து சதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதம் போய்விடும். விமான நிலையச் சாலையில் மழை ராத்திரியில் அந்த முப்பது சதத்தில்தான் ஒரு சைக்கிள்காரர் போய்க்கொண்டிருப்பார்.

இதைவிட மோசமான ஜாடை ஒன்றுண்டு. எஞ்சின் ரப்பர் மௌண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால்தான் பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே பின்னல் பட்டை ஒன்று போட்டிருக்கிறார்கள். அது அறுந்தால் செல்ஃபின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஆக்ஸிலரேட்டர் கேபிள், சோக் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று கிடைத்த மெல்லிய இரும்பிலெல்லாம் நுழையும். கேபிள் சூடாகி, உள்ளே இருக்கும் உறை உருகி, ஒட்டிக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டர் கேபிள் மாற்றி மாற்றி அலுத்துப்போன டிரைவர்களில் எத்தனை பேருடைய எர்த் பட்டையை யாராவது குனிந்து பார்த்திருப்பார்கள்?

“அம்பாசடரா? அது அப்படித்தான்” என்பது அடுத்த கட்சி. இங்கிலாந்தில் லூகாஸ் கம்பெனியின் மின்சாமான்களைக் கேலி செய்து, அதன் முதலாளியை ‘இருட்டின் இளவரசன்’ என்றார்கள். அந்தக் கேலி கப்பலேறி வந்து, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசான அம்பாசடரின் மேல் ஒட்டிக்கொண்டது. லூகாஸ் டிவிஎஸ் 1961இல் சென்னையின் பாடி பகுதியில் தொடங்கப்பட்டது என்பதால் இந்தப் பழியில் நமக்கும் ஒரு பங்கு வந்து சேர்கிறது. நான் ஏற்க மாட்டேன். உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே 24 அன்று கதவைச் சாத்தியது. அதற்குப் பிறகும் அந்த வண்டிகள் பத்து வருடத்துக்கு மேல் இந்த ஊர்த் தெருவில் ஓடியிருக்கின்றன. கெட்டது மோட்டாரும் டைனமோவும் அல்ல, பெரும்பாலும் அவற்றைத் தாங்கிப் பிடித்த மூட்டுகள்தான். ஏன் கெட்டன என்பதற்கும் மர்மம் எதுவும் இல்லை. செம்பு லக், எஃகு பாடி, ஈயக் கிளாம்பு என்று வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பும் அழுக்கும் கலந்த ஈரம் புகுந்தால் அரிப்பு உறுதி. தண்டனியாவிலும் ஆம்ஹர்ஸ்ட் தெருவிலும் முழங்கால் தண்ணீரில் வண்டி நீந்துகிறது. 2025 செப்டம்பர் 23 விடிவதற்குள் பெய்த சுமார் 250 மில்லிமீட்டர் மழையில் எத்தனை வண்டிகள் ராத்திரி முழுக்க மூழ்கிக் கிடந்தன என்பதை இந்த ஊர் மறந்திருக்காது. அந்தத் தண்ணீர் வடிந்துவிடும். லக்குக்கு அடியில் புகுந்ததும், ஒயரின் உறைக்குள் இழை வழியாக ஏறியதும் வடியாது. வெளியே உறை பளபளப்பாக இருக்கும், வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்துப் பொடியாகியிருக்கும்.

இதற்கு மேல் மனிதக் கைங்கரியமும் உண்டு. சிஎஃப் என்ற தகுதிச் சான்று எடுக்கப் போகும் முன் டாக்ஸிக்கு மஞ்சள் பெயிண்ட் அடிப்பது இங்கே வழக்கம். டென்டிங் முடிந்து புட்டி வைத்து, பிரைமர் அடித்து, மஞ்சளும் அடித்து, அந்தப் பெயிண்டின் மேலேயே எர்த் போல்ட்டை வைத்து முறுக்கிவிடுகிறார்கள். பெயிண்ட் மின்சாரத்தைத் தடுக்கும் பொருள். போல்ட்டின் மரையில் உரசிய இரண்டு கீற்று இரும்பை நம்பி அந்த வண்டி அடுத்த சிஎஃப் வரை ஓட வேண்டும். மல்லிக் பஜாரில் ராத்திரியோடு ராத்திரியாக முழு எஞ்சினையே மாற்றிக் கொடுக்கும் கைகள் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு ஒரு சதுர அங்குல பெயிண்டைச் சுரண்ட நேரமில்லையா?

“அம்பாசடர் போய்விட்டால் இந்தத் தொல்லையும் போய்விடும், புது வண்டியில் ஸ்கேனர் எல்லாவற்றையும் சொல்லிவிடும்” என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். 15 வருடத்துக்கு மேற்பட்ட வர்த்தக வாகனங்கள் கூடாது என்று 2008இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னதன்படி மஞ்சள் டாக்ஸிகள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. கடைசி அம்பாசடர் டாக்ஸிக்கும் 2029க்கு மேல் ஆயுள் இல்லை. ஆனால் அவற்றின் இடத்துக்கு வரும் வண்டிக்கும் திரும்பும் வழி அதே இரும்பு உடல்தான். நிலைமை மோசமாகத்தான் ஆகியிருக்கிறது. பழைய வண்டியில் 0.1 வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. புது வண்டியின் சென்சார்கள் பலவும் 5 வோல்ட் கணக்கில் பேசுகின்றன, கம்ப்யூட்டரின் எர்த்தில் 0.1 வோல்ட் ஏறினால் அது கேட்பதெல்லாம் இரண்டு சதம் பொய்யாகலாம். ஸ்கேனர் அந்தப் பொய்யை அப்படியே வாசித்து, இந்த சென்சார், அந்த சென்சார் என்று பட்டியல் போடும். எர்த் கெட்டிருக்கிறது என்று எழுத அதற்குத் தெரியாது. சம்பந்தமே இல்லாத நான்கு கோளாறுகள் ஒரே நேரத்தில் வந்தால் அவற்றுக்குப் பொதுவான எர்த் எங்கே இறங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது மனிதப் புத்தி. அதைச் செய்யாமல் பட்டியலில் உள்ளதையெல்லாம் மாற்றினால் பேட்டரியின் விலை சில்லறையாகத் தோன்றும்.

எர்த் கட்சியிலேயே ஒரு கோஷ்டியோடும் எனக்குச் சண்டை உண்டு. “எதுக்கு அளக்கணும்? நாலு எக்ஸ்ட்ரா எர்த் ஒயர் போட்டா முடிஞ்சது” என்பவர்கள் அவர்கள். சிவப்பும் நீலமுமாக எர்த் கிட் என்று பெட்டியில் விற்கிறார்கள். சோதனைக்காக ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையை எஞ்சினிலும் மாட்டி, செல்ஃப் எடுக்கிறதா என்று பார்ப்பது நல்ல தந்திரம். எடுத்துவிட்டால் எர்த்தில்தான் கோளாறு என்று அதே இடத்தில் தெரிந்துவிடும். அதையே வைத்தியமாக்குவதுதான் தப்பு. அரித்த மூட்டு புது ஒயருக்கு அடியில் ஒளிந்து அரித்துக்கொண்டே இருக்கும். இப்போதைய பல கார்களில் மைனஸ் கிளாம்பிலேயே கரண்டை அளக்கும் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டி நேராக ஈயக் குமிழில் ஒயர் கட்டினால் அந்த ஒயரில் போகும் கரண்டு கணக்கில் வராது, சார்ஜ் ஏற்றும் கணக்கே குழம்பிவிடும். செய்ய வேண்டியது பழைய வேலைதான். மைனஸைக் கழற்று, மூட்டைப் பிரி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டு, பல்வாஷர் வைத்து இறுக்கு, மேலே வாசலின் பூசு, மறுபடி அளந்து பார்.

கடைசியாக ஒரு கோரிக்கை, பேட்டரி விற்பவர்களுக்கு. விற்கும்போது பில்லில் வண்டி நம்பரும் வாரண்டித் தேதியும் எழுதுகிறீர்கள். அதோடு இரண்டு எண்கள் சேர்த்து எழுதுங்கள்: செல்ஃப் அடிக்கையில் மைனஸ் பக்கம் எத்தனை வோல்ட் விழுந்தது, பிளஸ் பக்கம் எத்தனை. பழைய பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்னால் அளந்ததாக இருக்க வேண்டும், ஏனென்றால் கழற்றி மாட்டிய பிறகு சாட்சியம் கலைந்துவிடும். கடை வாசலில் வரிசை நிற்கும், வியாபாரம் குறையும் என்பீர்கள். வரிசையில் நிற்பவர்களில் சிலருக்குப் பேட்டரியே வேண்டியிருக்காது என்பதால் வரிசையும் குறையும். மைனஸ் பக்கம் 0.2க்குள் இருந்து, பிளஸ் பக்கமும் சுத்தமாக இருந்து, முழு சார்ஜ் ஏற்றிய பிறகும் என் பேட்டரி செல்ஃப் அடிக்கையில் 9 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தது என்று காட்டுங்கள். புதுசுக்கான காசை அங்கேயே எண்ணி வைக்கிறேன்.